பாதி சொன்ன சாட்சி

மந்தாரக்குப்பத்தில் ஆனந்த்ராஜைத் தெரியுமா என்று கேட்டால், "எந்த ஆனந்த்ராஜ்? மாதா கோயில்ல சாட்சி சொன்னாரே, அவரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அவரேதான். அந்தச் சாட்சிக்கு முன்னால், நாற்பது வயது வரைக்கும், அவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். நிலக்கரி ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை மண்வெட்டியால் வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுகிற வேலை. வெயில் காலத்தில் அந்தத் தூள் மூக்கில் ஏறும். மழைக் காலத்தில் சேறாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். வாரி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பின்னால் மறுபடி சிந்திக் கிடக்கும். அதற்காக அவர் அலுத்துக்கொண்டதில்லை. கர்த்தர் கொடுத்த வேலை என்று செய்தார்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. செபப் புத்தகத்தை விரல் வைத்துத்தான் வாசிப்பார். ஆனால் வாசிக்கும்போது குரல் நன்றாக இருக்கும். பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து புதன்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற கூட்டத்துக்கு அன்பியம் என்று பெயர். அதில் பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்க அவரைத்தான் சொல்வார்கள். அவ்வளவுதான் அவருக்கு ஊரில் இருந்த மரியாதை.

மனைவி எவாஞ்சலின் பத்தாவது வரை படித்தவர். கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. கடைசியில் உண்டானபோது, ஆனந்த்ராஜ் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டு ஆவணியில் நடந்தும் போய் வந்தார்.

அதற்கு முன்னால், ஐந்தாம் மாதத்து ஸ்கேனில்தான் அந்தப் பேச்சு வந்தது. கடலூரில் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டி, பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இது குழந்தையோட இடது பக்கத்து நுரையீரல். கீழ்ப் பாகத்துல சின்னச் சின்னதா நீர்க் குமிழி மாதிரி தெரியுது பாருங்க. கருவிலேயே அப்படி அமைஞ்சிருக்கு. பயப்படாதீங்க. நிறையக் குழந்தைங்க நல்லாத்தான் பொறக்கும். ஆனா விடாம பாத்துக்கிட்டே வரணும்."

பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் எவாஞ்சலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். இவர் கையில் செபமாலையை வைத்துக்கொண்டு, சட்டைப் பைக்குள்ளேயே மணி உருட்டினார். அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் நேரே கோயில்தான். நிலக்கரி அப்பிய சட்டையோடு மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பார். கோயில் கூட்டுகிற பெண் திட்டுவாள். "உன் முட்டி வச்ச எடமெல்லாம் கருப்பா கெடக்குது, வூட்ல போயி குளிச்சிட்டு வந்து வேண்டக் கூடாதா? மாதா எங்கியும் ஓடிப்போயிட மாட்டா."

எட்டாம் மாதம் மறுபடி ஸ்கேன். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இப்ப அந்தக் குமிழி தெரியலைங்க."

ஆனந்த்ராஜின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டரம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "ஆனா போயிடுச்சுன்னு நெனச்சிடாதீங்க. கடைசி மாசங்கள்ல சுத்தியிருக்கிற நுரையீரலோட கலந்து, கண்ணுக்குத் தெரியாமப் போறது உண்டு. பொறந்து மூணு நாலு மாசத்துல கண்டிப்பா ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடணும். அப்பதான் நிச்சயமாச் சொல்ல முடியும்." எவாஞ்சலின் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனந்த்ராஜ் காதில் அது ரோட்டில் போகிற லாரிச் சத்தம் மாதிரி விழுந்தது. விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை.

செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாள் திருவிழா. பூசை முடிந்ததும், வேண்டிக் கிடைத்ததை எல்லார் முன்னாலும் சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அன்பியத்துக்குத் தலைமையாக இருந்த டெய்சி டீச்சர்தான் இவரை முதுகில் தட்டி எழுப்பினார். அவர் ஊரில் உள்ள ஒரு நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். நல்ல மனசுக்காரர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பவர்.

"போங்க தம்பி. வாங்கினதை மறைக்கக் கூடாது."

ஆனந்த்ராஜ் வயிற்றுப் பிள்ளைக்காரியான மனைவியையும் கூட்டிக்கொண்டு பீடத்துப் பக்கம் போனார். மைக்கைப் பார்த்ததும் முதலில் இருமல்தான் வந்தது. அப்புறம் சொல்லிவிட்டார். அஞ்சாம் மாசம் டாக்டர் குமிழியைக் காட்டினது, தான் மாதாவிடம் அழுதது, எட்டாம் மாசம் அதே டாக்டர் அதே மிஷினில் தேடியும் கிடைக்காமல் போனது. "கடவுளுக்குத் தோத்திரம்" என்று முடித்தபோது கோயில் முழுக்கக் கை தட்டியது. நெய்வேலி நகரியத்திலிருந்து காரில் வந்திருந்த சுரங்கத்துப் பெர்மனன்ட் வேலைக்காரர் வீட்டுப் பெண்கள், எவாஞ்சலின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் போனால் ஆட்கள் சைக்கிளை நிறுத்தச் சொன்னார்கள். "அண்ணே, எங்க மாமியாருக்குக் கால் வீக்கம், ஒரு வார்த்த செபத்துல வச்சிக்குங்க." ஒரு பெண் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கையை வைக்கச் சொன்னாள். கூச்சப்பட்டுக்கொண்டே வைத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். சாட்சியை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டரம்மா கடைசியில் சொன்னது அதில் எங்கேயும் வரவில்லை. முதலில் மறந்துவிட்டது. பிறகு, சொல்லிச் சொல்லி, அப்படி ஒன்று சொல்லப்படவே இல்லை என்றே ஆகிவிட்டது.

குழந்தை நவம்பரில் பிறந்தது. பெண். நல்ல எடை, நல்ல அழுகை. ஆரோக்கிய ஜெனிஷா என்று பெயர் வைத்தார்கள். பாப்பா என்று கூப்பிட்டார்கள்.

தை பிறந்து ஒரு நாள் எவாஞ்சலின் பிள்ளைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்னாங்க, அந்த சிடி ஸ்கேனு எடுக்கணும்னாங்களே. மாசம் ஓடிக்கினே இருக்குது."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? டாக்டரம்மா படிச்சிப் படிச்சிச் சொன்னாங்கல்ல."

"புள்ளையைப் பாரு, எப்டி காலை ஒதைக்கிது. இதுக்கு இன்னா கொறச்சல்? மாதா எடுத்துப் போட்டுட்டத, இருக்குதா இல்லியான்னு மிஷின்ல போயி தேடுவியா?"

"தேடினா என்னா?"

"கோயிலே கேட்டுது எவா, நான் சொன்னதை. இப்ப புள்ளையைத் தூக்கிக்கினு ஸ்கேனுக்குப் போனா பாக்கிறவங்க இன்னா நெனப்பாங்க? சொன்னவனுக்கே நம்பிக்கையில்லன்னு ஆவாதா?"

எவாஞ்சலின் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "ஸ்கேன் எடுத்தா மாதா கோச்சிக்க மாட்டாங்க. நீங்கதான் கோச்சிக்கிறீங்க."

ஆனந்த்ராஜ் அன்று சாப்பிடாமல் ஷிஃப்ட்டுக்குப் போனார். எவாஞ்சலின் அதற்கு மேல் பேச்சை இழுக்கவில்லை. அவரும் அந்த மைக்குப் பக்கத்தில் நின்றவர்தானே. பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தது.

பங்குனியில் ஒரு சளிக் காய்ச்சல் வந்தது. பக்கத்து டாக்டர் மருந்து கொடுத்தார், இறங்கியது. நெய்வேலியில் பிள்ளைக்குச் சளி பிடித்தால் யாரும் காரணம் தேட மாட்டார்கள். சுரங்கத் தூசு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் என்று ரெடியாகக் காரணம் இருக்கிறது. ஆனந்த்ராஜும் அப்படித்தான் சொன்னார். வேலைத் துணியை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

வைகாசியில் மறுபடியும் காய்ச்சல். இந்தத் தடவை மருந்துக்கு இறங்கவில்லை. கூட வேலை செய்கிற பாவாடை என்கிறவர், காலை ஷிஃப்ட்டுக்குக் கூப்பிட வந்த இடத்தில், சைக்கிளில் உட்கார்ந்தபடியே எவாஞ்சலின் மடியை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"யோவ் ஆனந்து, இன்னாய்யா புள்ளைக்கு மாருக்கூடு உள்ள போயி உள்ள போயி வருது?"

"தூசுண்ண. நம்ம துணியில ஒட்டிக்கினு வர்ற தூசுதான்."

"தூசுன்னா மொதல்ல எனக்கும் உனக்குமில்ல இழுக்கணும்? அதைத் தின்னுக்கினே கெடக்கிறோம், குண்டுகல்லாட்டம் இருக்கிறோம்." பாவாடை குனிந்து பிள்ளையின் மூக்கைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு விரிந்து சுருங்கியது. உதட்டோரம் நீலம் பூத்திருந்தது. "எங்கூட்டுக் கன்னுக்குட்டி ஒண்ணு இப்டித்தான் இழுத்துக்கினு கெடந்துது. நாளிக்கிப் பாக்கலாம்னு வுட்டேன். நாளிக்கிப் பாக்கறதுக்கு அது இல்ல. நீ வேலைக்கி வராத. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். வண்டி புடி."

வண்டியை டெய்சி டீச்சர் ஏற்பாடு செய்தார். அவர் தங்கை வீட்டு வேன். அவரும் ஏறிக்கொண்டார். வடலூர் தாண்டும்போது பிள்ளை அழுவதைக் கூட நிறுத்திவிட்டது. மூச்சு வாங்குவதற்கே அதற்கு நேரம் போதவில்லை. டெய்சி டீச்சர் வழியெல்லாம் செபமாலை சொன்னார். ஆனந்த்ராஜ் பதில் சொன்னார். எவாஞ்சலின் மட்டும் வாயைத் திறக்காமல் பிள்ளையின் மார்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் பிள்ளையை வாங்கித் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். தாய் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். வாசல் மேஜையில் ஒரு சின்ன வயது டாக்டர் பெண் ஆனந்த்ராஜிடம் வேகமாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எத்தனை நாளாய்க் காய்ச்சல், முன்னால் இப்படி வந்ததா, பால் குடித்ததா. அப்புறம் கேட்டார்:

"கர்ப்பத்துல எடுத்த ஸ்கேன்ல குழந்தைக்கு ஏதாவது சொன்னாங்களா?"

டெய்சி டீச்சர் இவர் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் மாலை. ஆனந்த்ராஜ் அந்த மாலையைப் பார்த்தார். சொன்னால் என்ன ஆகும்? இருந்தது என்று சொன்னால், போயிற்று என்று சொல்ல வேண்டும். போயிற்று என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அன்று கை தட்டிய கோயில் முழுக்க வந்து அந்த மேஜையைச் சுற்றி நிற்பது போல இருந்தது அவருக்கு.

"ஒண்ணும் சொல்லலைங்க," என்றார். "எல்லாம் நல்லாருக்குதுன்னாங்க."

சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லத் தலையசைத்து, ஒரு மணியைத் தள்ளினார். மாதா அழித்ததை நாம் மறுபடி வாயால் எழுதக் கூடாது என்பது அந்தத் தலையசைப்பின் அர்த்தம். அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

மார்புப் படம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓட்டமும் பேச்சுமாக இருந்தது. டாக்டர் பெண் ஒரு தாளோடு வெளியே வந்தார்.

"அப்பா, நல்லாக் கேளுங்க. படத்துல இடது பக்கம் முழுக்கக் கருப்பா இருக்கு. நுரையீரலுக்கு வெளிய காத்து கசிஞ்சு, இதயத்தையே வலது பக்கம் தள்ளுது. உடனே குழாய் வச்சு அந்தக் காத்தை எடுக்கணும். இங்க கையெழுத்துப் போடுங்க."

ஆனந்த்ராஜ் பேனாவை வாங்கினார். "எங்கங்க வப்பீங்க குழாயி?"

"இங்க." அவர் தன் இடது விலாவைத் தொட்டுக் காட்டினார்.

கடலூரில் திரையில் பேனா முனை நின்ற இடம் அதுதான். இடது பக்கம். ஆனந்த்ராஜ் பெயரின் முதல் எழுத்தை எழுதினார், அடுத்த எழுத்துக்குக் கை போகவில்லை.

"சீக்கிரம்ப்பா."

"அம்மா, அங்க முன்னாடியே ஒண்ணு இருந்துதும்மா."

"என்ன இருந்தது?"

"தம்பி," என்றார் டெய்சி டீச்சர் மெதுவாக.

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று அவருக்குத் தெரிந்தது. "அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல இடது பக்கம் கீழ குமிழி குமிழியா இருக்குதுன்னாங்க. எட்டாம் மாசம் தெரியலன்னாங்க. பொறந்த பெறவு சிடி ஸ்கேன் எடுங்கன்னாங்க."

டாக்டர் பெண் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பி, "குழாய் வைக்காதீங்க, நிறுத்துங்க! சார், ஆன்டிநேட்டல் ஸ்கேன்ல சிஸ்ட், குமிழி இருந்திருக்காம்!" என்று கத்தினார். உள்ளிருந்து பெரிய டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். நரைத்த மனிதர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எடுக்கச் சொன்ன ஸ்கேனை எடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி பார்த்தார். சுரங்கத்தில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் ஏசும்போது கூட ஆனந்த்ராஜ் இப்படிக் கூனியதில்லை.

"சாட்சி சொல்லிட்டேங்க," என்று வந்தது வாயில்.

"என்ன சொல்லிட்டீங்க?" பெரிய டாக்டருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. "முன்னாடி கேட்டப்ப இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அது குமிழியா இருந்து, நாங்க வெளிக் காத்துன்னு நெனச்சு அதுல குழாயைக் குத்தியிருந்தா பிள்ளை போயிருக்கும். புரியுதா உங்களுக்கு?"

"புரியுதுங்க."

அவர் உள்ளே போய்விட்டார். டெய்சி டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனந்த்ராஜ் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. தூண் ஓரமாகப் போய் நின்றார்.

அன்றைக்கே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மாலையில் டாக்டர் பெண் இருவரையும் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். வெளியே எதுவும் கசியவில்லை. நுரையீரலின் கீழ்ப் பாகத்தில் ஒரு துண்டு, கருவிலேயே சரியாக உருவாகாமல் பை பையாக ஆகியிருக்கிறது. அதற்குள் காற்று போகிறது, திரும்ப வர வழியில்லை, ஊதிக்கொண்டு நல்ல பாகத்தை நசுக்குகிறது. இப்போது கிருமியும் சேர்ந்து சீழ் பிடித்திருக்கிறது. முதலில் மருந்தால் காய்ச்சலை அடக்க வேண்டும். பிறகு ஆபரேஷன் செய்து அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும்.

"எடுத்துட்டா புள்ளைக்கு மூச்சு பத்துமாங்க?" என்று கேட்டார் எவாஞ்சலின்.

"பத்தும்மா. இந்த வயசுல நுரையீரல் வளர்ற பருவம். மீதி இருக்கிறது வளர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கும். ஓடும், வெளையாடும்."

"சுரங்கத் தூசாலயாங்க வந்தது? நான் சாப்பிட்டது எதாவது..."

"இல்லவே இல்ல. கருவுல அப்படி அமைஞ்சிடுச்சு. இது வந்ததுக்கு யார் மேலயும் தப்பில்ல." கொஞ்சம் நிறுத்தி, ஆனந்த்ராஜைப் பார்க்காமல் சொன்னார். "மூணாம் மாசத்துலயே பாத்திருந்தா, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி, புள்ள தெம்பா இருக்கும்போது நாள் பாத்துச் செஞ்சிருக்கலாம். இப்ப கொஞ்சம் கஷ்டம். பாக்கலாம்."

வராந்தாவுக்கு வந்ததும் எவாஞ்சலின் கேட்டார். "டாக்டரு கேட்டப்ப ஒண்ணும் சொல்லலன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

அவர் ஏதாவது சொல்வார் என்று ஆனந்த்ராஜ் காத்திருந்தார். மண்ணை வாரித் தூற்றுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று. எவாஞ்சலின் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேச்சு. துண்டு வேணும். வெந்நீர் வாங்கியாங்க. டாக்டரு கூப்டுறாங்க. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இரண்டு அறை அறைந்திருந்தால் அவருக்கு ஆறியிருக்கும்.

ஆபரேஷன் அன்று காலை பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவ்வளவு பெரிய கட்டிலில் ஒரு கைப்பிடித் துணி மாதிரி கிடந்தது. ஆனந்த்ராஜ் வராந்தாவில் நின்று செபிக்கப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து வாயில் இருக்கிற செபம். ஆரம்பித்தால் தானாக ஓடும். அன்று இரண்டு வார்த்தை வந்து நின்றுவிட்டது. கேட்கிற முகம் தனக்கு இல்லை என்று தோன்றியது. கொடுத்ததைக் காட்டி ஊரில் பேர் வாங்கிக்கொண்டவன், அந்தப் பேரைக் காப்பாற்றப் பிள்ளையைப் பணயம் வைத்தவன், இப்போது எந்த வாயால் கேட்பது? கடைசியில் அவர் சொன்னது செபமே இல்லை. "எம்மேல இருக்கிற குத்தத்த அது மேல வச்சிடாதம்மா" என்று மட்டும் சொன்னார். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிள்ளை பிழைத்தது. உடனே இல்லை. சில நாள் மெஷின் மூச்சு, விலாவில் குழாய், நடுவில் ஒரு நாள் மறுபடி காய்ச்சல். அப்புறம் ஒரு காலையில் பசிக்கு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நர்ஸ், "அம்மாடி, வாயாடி வந்துட்டா" என்றாள். எவாஞ்சலின் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியவர், பின்னால் நின்ற கணவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த வாரம் டெய்சி டீச்சர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். பிள்ளையின் விலாவில் இருந்த தையலை எட்ட இருந்தே பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு வாசலில் நின்று ஆனந்த்ராஜிடம் சொன்னார்.

"வர்ற திருநாள்ல இன்னொரு சாட்சி குடுத்துடுங்க தம்பி. ரெண்டாம் தரமும் மாதா காப்பாத்திட்டாங்க."

"டீச்சர், அன்னிக்கி ஆஸ்பத்திரியில நீங்களும் பக்கத்துல இருந்தீங்க."

டீச்சர் முகம் சிவந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்கு? சனங்க விசுவாசம் கலங்கிடும். நல்லதை மட்டும் சொன்னாப் போதும்."

"நல்லதை மட்டும் சொன்னதாலதான் டீச்சர் இம்மாம் தூரம் வந்துட்டுது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோயில்ல மைக்குல சொல்ல எனக்குத் தெம்பில்ல. புதன்கிழமை அன்பியத்துல சொல்லிடறேன். நீங்க தடுக்கக் கூடாது."

அந்தப் புதன்கிழமை கூட்டம் ரிட்டையரான மைக்கேல் வீட்டு ஹாலில். பெண்கள் உள்பக்கம் பாயில், ஆண்கள் கதவோரம். சங்கீதம் வாசிக்கச் சொன்னபோது ஆனந்த்ராஜ் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். செபம் முடிந்ததும் எழுந்து நின்றார்.

"சுருக்கா சொல்லுப்பா," என்றார் மைக்கேல். "சுண்டல் ஆறுது."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனந்த்ராஜும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"போன வருஷம் நான் சொன்ன சாட்சி பாதிதாங்க. தெரியலன்னு சொன்ன டாக்டரம்மா, பொறந்த பெறவு ஸ்கேன் எடுத்துப் பாரு, போயிடுச்சுன்னு நெனச்சிடாதன்னும் சொன்னாங்க. அதை நான் உங்ககிட்ட சொல்லல. எடுக்கவும் இல்ல. எடுத்தா உங்க முன்னாடி சொன்னது பொய்யாயிடும்னு பயந்தேன். எம்பொண்டாட்டி சொன்னா, கேக்கல. பாண்டிச்சேரியில டாக்டரு கேட்டப்பயும் ஒண்ணும் இல்லன்னு பொய் சொன்னேன். புள்ள போவ இருந்துது. என்னாலதான்."

பாட்டில் தண்ணீரில் கை வைக்கச் சொன்ன அந்தப் பெண், மடியில் இருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். டெய்சி டீச்சர் பைபிளை மூடி, மறுபடி திறந்தார்.

"அப்ப மாதா ஒண்ணும் செய்யலங்கிறியா?" என்றார் மைக்கேல். குரலில் கோபம் இருந்தது.

"அப்டி சொல்லலைங்க ஐயா. அந்த டாக்டரம்மா வாயால ஸ்கேன் எடுன்னு சொன்னதே மாதாதானோ என்னமோ. எனக்குத் தெரியல. நான் பாதி கேட்டுட்டு ஏந்திரிச்சு வந்துட்டேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

ஆறுதலாகக்கூட ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனந்த்ராஜ் உட்காரலாமா, வெளியே போய்விடலாமா என்று தெரியாமல் நின்றார். பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். இறங்கவில்லை. இனிமேல் கடைத்தெருவில் யாரும் சைக்கிளை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், நிறுத்தினாலும் இதைக் கேட்கத்தான் நிறுத்துவார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து எவாஞ்சலின் பேசினார். மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை, யாரையும் குறிப்பாகப் பார்க்கவும் இல்லை.

"அடுத்த மாசம் மறுபடி படம் எடுக்கக் கூப்டிருக்காங்க. நானும் இவரும் போறோம்." பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு மேலே சொன்னார். "உங்க வூட்ல யாருக்காவது ஸ்கேன்ல இப்டி எதுனா சொன்னா, மறைக்காத வந்து இவரைக் கேளுங்க. டாக்டரு சொன்னத முழுசா சொல்லுவாரு."

மைக்கேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சுண்டலைக் கொண்டுவரச் சொல்லி உள்பக்கம் குரல் கொடுத்தார். ஆனந்த்ராஜ் இருந்த இடத்திலேயே மெல்ல உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தவில்லை.